தண்ணீர் விடக் கூடாத பாத்தி

ஊத்தங்கரைக்கு முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரக் கொல்லையில் இரண்டு கேழ்வரகுப் பாத்திகள். ஒன்று கிணற்றுத் தண்ணீர் பாய்வது. மற்றதில் ஆராய்ச்சி நிலையத்துப் பலகை: 'புதிய ரகம். தண்ணீர் விடக் கூடாது.' இரண்டும் ஒரே பச்சை.

"இது வாடவே இல்லையேண்ணா?" என்கிறேன் கொல்லைக்காரரிடம்.

அவர் குரலைத் தாழ்த்துகிறார். "ரோட்டோரத்துல பயிரு காஞ்சு கெடந்தா, போறவன் வர்றவன் என்னையத்தான திட்டுவான்? அவங்க ஜீப்பு அந்தப் பக்கம் போனதும் கொடத்துல மோந்து ஊத்திடுவேன்."

அவர் வாய் மூடுவதற்குள் அந்த ஜீப்பே வந்து நிற்கிறது. இறங்கிய ஆராய்ச்சி நிலையத்து அம்மா பலகைப் பாத்தியில் குனிந்து பயிரைத் தடவுகிறார், முகமெல்லாம் சிரிப்பு. "வறட்சிய என்னமா தாங்குது! அடுத்த பட்டத்துக்கு இந்த விதையத்தான் தாலுகா பூரா குடுக்கப் போறோம்."

கொல்லைக்காரர் என் காதருகே வருகிறார். "அத்தனை பேரு கொல்லைக்கும் நான் ஒருத்தனே எப்பிடிங்க தண்ணி தூக்குறது?"