நான் ஜெபமாக்கிய ஆட்டங்கள்

ஆட்டம் என்ற சொல்லை ஒரு மாலை முழுவதும் உச்சரிக்காமல் இருந்ததற்காக எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டேன். இப்போது ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறேன்.

அது 1930களின் நடுப்பகுதி. மட்டக்களப்பு நகரில் ஒரு மிஷன் பாடசாலையில் நான் தற்காலிக ஆசிரியன். எனக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் கூத்துப் பார்க்கப் போனார் என்பதற்காக நீக்கப்பட்டவர். அவர் ஆடவில்லை, பார்த்ததோடு சரி. நீக்கச் சொன்னவர் சபையின் மூத்த மூப்பர். வாவிக்கு அப்பால் பழுகாமத்தில் ஒரு வட்டை வயல்வெளியில் பாதி அவருடையது. ஞாயிறுதோறும் தோணியில் வாவியைக் கடந்து ஆராதனைக்கு வருவார். என் நியமனக் கடிதத்தில் அவர் கையொப்பமும் வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை நம்பி எனக்குப் பெண்ணும் பேசி வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு எங்கள் பாடசாலை அதிபரான வெள்ளைக்காரத் துரையின் ஒன்றுவிட்ட சகோதரி இங்கிலாந்திலிருந்து வந்தார். செல்லோ வாசிப்பவர். ரயில் நிலையத்தில் அதன் பெட்டியைத் தூக்கிய கூலியாள் என்னிடம் கேட்டான்: “இது வயலினுக்குப் பெரியம்மாவோ ஐயா?” சரியான விளக்கம்தான். அதைவிட நல்ல விளக்கத்தை நான் பிறகும் கேட்டதில்லை.

ரயில் வெக்கையில் அந்தப் பெரியம்மாவின் விலாவில் ஒட்டு விட்டிருந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கச்சேரி. அம்மையாரையும் வாத்தியத்தையும் போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கித் தச்சரிடம் அழைத்துப் போனேன். எங்கள் பாடசாலைக்கு பிள்ளைகள் இருக்கும் வாங்கும் மேசையும் செய்து கொடுப்பவர் அவர்தான். பறங்கியரின் கலியாண வீடுகளில் பிடில் வாசிப்பவரும் அவரே. வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மையார் அந்தப் பட்டறையிலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். தச்சர் சீவுளியைக் கீழே வைத்தார்.

“மாஸ்டர், இது ஆடுறத்துக்கு உள்ளதுதானே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மனைவியைக் கூப்பிட்டார்.

“அடுப்பில மீன் கிடக்கு. இப்ப என்ன ஆட்டம் ஒங்களுக்கு?” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி கையைத் துடைத்தபடி வந்தார். சீவல் குப்பைக்கு நடுவே இருவரும் எட்டு அடி ஆடினார்கள். அம்மையார் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவர்களிடம் சொல்லுங்கள்,” என்றார் என்னிடம் ஆங்கிலத்தில். “நான் வாசிக்கப் போவது மூன்று காலத்து ஆட்டங்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தியவை, போன நூற்றாண்டில் எழுதியவை, இப்போது உயிரோடிருப்பவர் எழுதியவை. எல்லோரும் நாற்காலியில் இருந்துதான் கேட்கிறார்கள். யாராவது எழுந்து ஆடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இவர்கள் கட்டாயம் வர வேண்டும்.”

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நேர்மையான மொழிபெயர்ப்பு அது.

சனிக்கிழமை முன்வரிசையில் மூப்பர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அம்மையார் இரண்டு வசனம் சொல்வார். நான் தமிழில் சொல்ல வேண்டும். அம்மையாருக்கும் அதிபர் துரைக்கும் தமிழ் தெரியாது, மூப்பர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. “இது பிரெஞ்சு அரண்மனையில் ஆடிய ஆட்டம்,” என்று தொடங்கினார். மூத்த மூப்பர் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து என் வாயையே பார்த்தார்.

“இது ஆண்டவரின் சந்நிதியில் பிரவேசிக்கும் இசை,” என்றேன்.

அதன் பிறகு வழி தானாகத் திறந்தது. மெதுவான ஸ்பானிய ஆட்டம் பாவ அறிக்கையாயிற்று. இரட்டை ஆட்டம் ஒன்றை வேதாகமத்துச் சகோதரிகளான மார்த்தாளும் மரியாளும் ஆக்கினேன். முதல் தொகுப்பின் கடைசியில் குதித்துக் குதித்துப் போகும் ஒன்று வந்தது. தகப்பன் மன்னித்துச் சேர்த்துக்கொண்ட வேதக் கதையின் கெட்ட குமாரன் வீட்டுக்கு ஓடி வருகிறான் என்றேன். எனக்கே அது பொருத்தமாகத்தான் பட்டது. சபை தலை குனிந்திருந்தது. ஜெபத்துக்குப் பிறகு யாரும் கைதட்டுவதில்லை. ஒவ்வொரு பகுதி முடிவிலும் “ஆமென்” என்று தாழ்ந்த குரல்கள் கேட்டன. அம்மையார் என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சித் தாளைப் பார்த்தேன். மூத்த மூப்பர் கைலேஞ்சியால் முகத்தை மூடியிருந்தார்.

மூன்றாவது தொகுப்பில், நான் “நன்றி செலுத்துதல்” என்று அறிவித்த இடத்தில், பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. தச்சரும் மனைவியும் எழுந்து, சுவரோரம் இருந்த நடைவழியில் ஆடத் தொடங்கினார்கள். அவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். தொப்பியை ஒரு கையில் மார்போடு பிடித்திருந்தார். அத்தனை மரியாதையான ஆட்டத்தை நான் பிறகு கண்டதில்லை. மேடையில் அம்மையாரின் முகம் மலர்ந்தது.

“என்ன மாஸ்டர், ஜெபத்துக்க நிண்டு என்ன கோலம் இது?” என்றார் மூத்த மூப்பர்.

“குடிச்சிட்டு வந்திருக்கிறார் ஐயா,” என்றேன்.

அந்த மனிதர் கலியாண வீடுகளிலேயே சாராயம் தொடாதவர். குடற்புண். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்க, “வெளிய போங்க,” என்றேன்.

அவர் எனக்கு மட்டும் கேட்க, “நீங்கதானே மாஸ்டர் வந்து ஆடச் சொன்னீங்க?” என்றார். அதை அவர் உரக்கச் சொல்லியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவர் மனைவி என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். “வாங்க போவம். இவருக்கு என்னமோ பயம்,” என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

கச்சேரி முடிந்ததும் அம்மையார் கேட்டார்: “அந்த இருவரும் எங்கே?” வேறொரு கலியாணத்துக்குப் போக வேண்டியிருந்தது என்றேன். “விளங்கியது அவர்களுக்கு மட்டும்தான்,” என்றார். “மற்றவர்கள் செத்த வீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள். நான் அவ்வளவு மோசமாகவா வாசித்தேன்?” இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் ரயிலில் போய்விட்டார்.

அடுத்த மாதம் நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, என்னை நிரந்தரமாக்குவது. மற்றது, குடிகாரருக்குப் பாடசாலைத் தச்சு வேலை கொடுப்பதில்லை என்பது. எனது கையெழுத்து அழகு என்று இரண்டையும் என்னையே எழுதச் சொன்னார்கள்.

என் கலியாணம் முடிந்த பிறகு, மன்னிப்புக் கேட்கலாம் என்று தச்சரின் பட்டறைக்குப் போனேன். அவர் சண்டை பிடிக்கவில்லை.

“இப்ப எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் எனக்கெண்டு ஒரு கிளாஸ் ஊத்தி வைக்கிறாங்க. வேணாமெண்டா, ‘எங்களுக்குத் தெரியாதா’ எண்டு கண் சிமிட்டுறாங்க. அது போகட்டும் மாஸ்டர். பள்ளிக்கூட வேலைதான் எங்களுக்குச் சோறு. மூப்பரிட்ட ஒரு சொல் சொல்லிருங்க. போதும்.”

சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே தோணியேறிப் பழுகாமம் போனேன்.

மூப்பர் என்னை வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் தேநீர் கொண்டுவந்தாள்; பின்னால் ஒரு குழந்தை தவழ்ந்து வந்தது. “மருமகள்,” என்றார் மூப்பர். மாங்கேணியில் மீன்பிடிக் குடும்பத்தில் பெண் எடுத்தான் என்று மகனை நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் விரட்டியது ஊருக்கே தெரியும்.

“கெட்ட குமாரன் ஓடி வாறான் எண்டு அண்டைக்கு நீங்க சொன்னீங்களே மாஸ்டர். அத கேட்டிட்டுத்தான் நான் மகனுக்குக் கடிதம் போட்ட. அந்தத் துரைசாணி வாசிச்சது எனக்கெண்டே வாசிச்ச மாதிரி இருந்தது. தெய்வச் செயல்.”

குழந்தை என் செருப்பைப் பிடித்து இழுத்தது. நான் தேநீரைக் குடித்தேன். உண்மையைச் சொன்னால் இந்தக் குடும்பம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடைந்திருக்காது. பேரப்பிள்ளையைத் தூக்கிய கிழவன் எந்த இசைக்காகவும் அதைக் கீழே விடமாட்டான். உண்மையை மறைக்க நல்ல காரணம் ஒன்று கிடைத்ததில் எனக்கு உண்டான நிம்மதியைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வரும்போது தோணிக்காரனோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தேன்.

தச்சரின் மனைவியைச் சந்தையில் கண்டேன். “சொல்லிட்டீங்களா மாஸ்டர்?” என்று கேட்டார். மூப்பருக்குச் சுகமில்லை, வாற கிழமை சொல்லுறன் என்றேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டார். “ஓம், ஓம், அறுவடை முடியட்டும்,” என்றேன்.

மூன்றாம் முறை கண்டபோது நான் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. “சுகமா மாஸ்டர்?” என்று விசாரித்துவிட்டு, மீன்காரனிடம் விலை பேசத் திரும்பிக்கொண்டார்.