அக்கா சேர்த்து வைத்த லீவு

எழுபதுகளின் முற்பகுதி. பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறி ஊரே அல்லாடிய சமயம். நான் தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, மீனம்பாக்கத்தில் இறங்கி, விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு விமானக் கம்பெனியில் அறிவிப்பாளர் வேலை. எந்த விமானம் எப்போது கிளம்பும், எது தாமதம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்கு வாய் இவ்வளவு நீளமா என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அப்பாவால் கடைசி வரை நம்ப முடியவில்லை.

அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். என் வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதுவும் நிரந்தர வேலை இல்லை, டெம்பரவரி.

மைக் அறையில் என்னோடு இருந்த அக்கா நிரந்தர ஊழியர். பொழிச்சலூரிலிருந்து வருவார். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. தீபாவளி, பொங்கல் என்று எதற்கும் லீவு போட மாட்டார். எங்கள் கம்பெனியில் எடுக்காத லீவு கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். "யாருக்குக்கா இப்படிச் சொத்து சேக்கறீங்க?" என்று நான் கிண்டல் செய்தால், "வரப்போற ஆளுக்கு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். அந்த வருஷம் நிஜமாகவே உண்டாகியிருந்தார். பிரசவம் ஆனதும் மொத்த லீவையும் போட்டுவிட்டு, குழந்தை தவழுகிற வரைக்கும் வீட்டு வாசலைத் தாண்டப் போவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அப்போதுதான் கம்பெனிக்குக் கஷ்ட காலம் ஆரம்பித்தது. ஒவ்வொரு விமானமாக நிறுத்தினார்கள். ஒரு நாளில் பாதி நேரம் மைக்குக்கு வேலையே இருக்காது. கேன்டீனுக்குப் போனால் யாரை அனுப்பப் போகிறார்கள் என்பதுதான் பேச்சு. போன வருஷம் வரை ஏரோப்ளேன் கம்பெனி மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்கப் போட்டி போட்டவர்கள், இப்போது நிச்சயம் செய்த பிறகும் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். எங்கள் கவுன்டரில் இருந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அவர் அதை வேடிக்கை மாதிரிச் சொல்லிச் சிரித்தார். கேட்ட நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் வேத பாடம் வாசிக்கிற முறை எனக்கு. மேடை ஏறினேன். வேதாகமத்தைத் திறந்தேன். மனசு முழுக்க வேலைக் கவலை. வாயைத் திறந்தால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வந்துவிட்டது! அதுவும் சுத்தமாக, மைக்கில் சொல்கிற அதே ராகத்தில். கோயில் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. போதகரே குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். முன் வரிசையில் அப்பா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போயிற்று.

மறுநாள் இதை அக்காவிடம் நடித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வேலை போனால் அப்பாவுக்கு மருந்து வாங்க முடியாது, தங்கைகள் படிப்பு நின்றுவிடும் என்று என்னென்னவோ உளறினேன். அக்கா தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளி, சாப்பிடு என்று தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் டெம்பரவரி ஆட்களை எல்லாம் அதிகாரி கூப்பிட்டார். மாதக் கடைசியோடு எல்லோருக்கும் வேலை முடிகிறது என்றார். யாராவது நிரந்தர ஊழியர் நீண்ட லீவில் போனால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவாம். மேஜையைப் பார்த்தபடியேதான் பேசினார். பாவம், அவருக்கும் அவர் வேலையைப் பற்றிப் பயம் இருந்திருக்கும்.

அடுத்த நாளே அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். பிரசவத்துக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. என்னக்கா என்று பதறினேன். டாக்டர் இனிமேல் முழு ரெஸ்ட் என்று சொல்லிவிட்டார் என்றார். எனக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் சந்தோஷம். அந்த டாக்டர் நன்றாக இருக்க வேண்டும் என்று அன்று ராத்திரி ஜெபம்கூடச் செய்தேன். மற்ற டெம்பரவரி ஆட்கள் எல்லோரும் மாதக் கடைசியில் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அக்காவின் நாற்காலியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தனி ஆளாக மைக்கைக் கட்டிக்கொண்டு இருந்ததால் என்னால் போய்ப் பார்க்கவே முடியவில்லை. அதற்குள் நிலைமை கொஞ்சம் தெளிந்து, நிறுத்திய விமானங்களில் சிலவற்றைத் திரும்ப விட்டார்கள். அதனால் அக்கா திரும்பி வந்தபோதும் என்னைப் போகச் சொல்லவில்லை.

ஆனால் அக்கா வந்த வேகம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தைக்குக் கழுத்துகூட நிற்கவில்லை. அதற்குள் பச்சை உடம்போடு வந்து மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சேர்த்து வைத்த லீவெல்லாம் எங்கே என்று சண்டை போட்டேன். தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தார். ரெஸ்டிலேயே கரைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். பகலில் குழந்தையை அவர்தான் பார்த்துக்கொள்வார். மத்தியானம் ஊழியர்கள் நுழையும் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். அக்கா ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார். ஒரு நாள் பம்பாய் விமானம் தாமதம். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அக்காவால் மைக்கை விட்டு நகர முடியவில்லை. மார்பில் புடவை நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, குழந்தையை நானே வாங்கி வருகிறேன் என்று கேட்டுக்கு ஓடினேன்.

அக்காவின் கணவரை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. டாக்டர் முன்னாடியே ரெஸ்ட் எடுக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் இப்போது லீவு இருந்திருக்கும் என்று, எனக்கு அந்த டாக்டர் மேல் வந்த கோபத்தை அவரிடம் கொட்டினேன்.

"டாக்டரா? அவரு ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் அவர். "இவகூட ஒரு பொண்ணு வேலை பாக்குதாம். வூட்ல ரொம்பக் கஷ்டமாம். அதை நிறுத்திடப் போறாங்கன்னு இவ அல்லா லீவையும் முன்னாடியே போட்டுட்டா. வாணாம்னேன், கேக்கல. இப்ப பாரு, புள்ள கத்திகினு கீது."

அவர் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பொண்ணு இன்னும் கீதாம்மா, வேலைல?"

"இருக்கா" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

குழந்தையை அணைத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். மைக் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. குழந்தையின் அழுகை விமான நிலையம் முழுக்கக் கேட்டது. அதுவரை கத்திக்கொண்டிருந்த கூட்டம் ஒரு நிமிஷம் அடங்கிச் சிரித்தது. அக்கா மைக்கை மூடிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அடுத்த அறிவிப்பு நான் சொல்ல வேண்டும். மைக்கைத் திறந்தேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. இந்த வாயாடிக்கு வார்த்தை வராமல் போனது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். அக்கா திரும்பிப் பார்க்காமலே, பால் கொடுத்தபடி, ஒவ்வொரு வார்த்தையாக மெதுவாக எடுத்துக் கொடுத்தார். நான் அதை அப்படியே மைக்கில் சொன்னேன்.

கூட்டம் குறைந்த பிறகு, ஏன்க்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. தூங்கிவிட்ட குழந்தையின் வாயைத் துடைத்தபடியே சொன்னார்: "இவளுக்கு நான் எங்கடி போயிடப் போறேன், சாயங்காலம் ஆனா வீட்டுக்குத்தானே வரப்போறேன். உன் வேலை அப்ப போயிருந்தா, போனது போனதுதானே?"

அதன் பிறகு அந்த வேலை எனக்கு நிரந்தரமாகி, தங்கைகளைக் கரையேற்றி, ரிட்டயர் ஆகும் வரை அங்கேயே இருந்தேன். அந்தக் குழந்தைக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அம்மா மடியில் அவள் கிடந்திருக்க வேண்டிய நாட்களைத்தான் நான் வாங்கிப் பிழைத்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் சித்தி என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு மட்டும் அது தெரிகிறது.