இரண்டாம் பாதி

நான் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, எங்கள் பாடசாலை உதைபந்தாட்ட அணியின் நடுக்களத்தில் யார் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் கணக்குக் கொப்பி என் கையில் இருந்தது. அப்படியொரு அதிகாரம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன்.

உம்மாவின் தம்பியான என் மாமாதான் விளையாட்டு ஆசிரியர். வலயப் போட்டிக்கு அணியைத் தெரிவு செய்யும் நேரம் வந்தபோது, நடுவில் நின்று பந்தை வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் என் காக்கா, எனக்கு மூத்த ஒரே அண்ணன். மற்றவர் பாலமுனையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையன். மருமகனுக்குத்தான் இடம் கிடைக்கும் என்று எங்கள் ஊர் மருதமுனை முழுக்கக் கதைத்தார்கள். அதனால் எண்ணிக்கையை வைத்தே முடிவெடுப்பேன் என்று மாமா எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். எண்ணும் வேலை எனக்கு வந்தது. எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று மாமா சொன்னார். பின்னேரங்களில் எனக்கு வேறு வேலை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பூவரச மரத்தடியில் நிறுத்தியிருக்கும் மாமாவின் மோட்டார் சைக்கிள் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். மடியில் சதுர ரூல் கொப்பி. பாஸ் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு சரி, பறிபோனால் ஒரு புள்ளடி. முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாலைத் தொழுகைக்கான மஃரிபு பாங்கு கேட்டதும் ஆட்டம் நிற்கும், நான் கூட்டிப் பார்ப்பேன்.

பாலமுனைப் பையன் எப்போதும் தூரத்துக்கு அடிப்பான். அவன் பக்கத்தில் பாதிக்குப் பாதி புள்ளடி விழும். காக்கா பக்கத்தில் நிற்பவனுக்கே கொடுப்பார், பத்தில் ஒன்பது போய்ச் சேரும். நூற்றுவீதம் போட்டுப் பார்த்தால் காக்காதான் வெகு தூரம் முன்னால் நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். முதல் பாதியில் இருபத்துமூன்று பாஸ் கொடுத்த காக்கா, இரண்டாம் பாதியில் ஏழுதான் கொடுத்திருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். பந்து தன் பக்கம் வரும்போது குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் நிமிராமல் முழங்காலில் கைவைத்து நின்றார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு ஏழு என்றே எழுதினேன்.

அடுத்த நாள் கிணற்றடியில் வைத்துக் காக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கொப்பி அவருடைய மற்றக் கையில் இருந்தது.

"இரண்டாம் பாதியக் கூட்டி எழுது."

பொய் எழுதினால் தோளில் இருக்கும் மலக்குமார் என்ற வானவர்களும் எழுதிக்கொள்வார்கள் என்று ஓதும் பள்ளியில் சொல்லித் தந்ததை நான் அவருக்குச் சொன்னேன்.

"நீ எழுதாட்டி டீமிலருந்து என்ன எடுத்துப் போடுவாங்க. மாமாக்கிட்டச் சென்னியோ, மவுத்தாகும்வரைக்கும் உன்னோட கதைக்க மாட்டன்."

அவருடைய கை ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் துடிக்கிறது என்று நினைத்தேன். எனக்கு மாமாவிலும் பயம், மலக்குமாரிலும் பயம், காக்காவிலும் பயம். மூன்று பயங்களில் மிகக் கிட்ட நின்ற பயத்துக்கே கீழ்ப்படிந்தேன். அழிறப்பரால் ஏழு என்பதை அழித்துப் பத்தொன்பது என்று எழுதினேன். அடுத்தடுத்த நாட்களில் அழிக்கவேண்டிய வேலையும் இருக்கவில்லை, முதலிலேயே கூட்டி எழுதினேன்.

வியாழக்கிழமை மாமா கொப்பியை வாங்கினார். பாலமுனைப் பையனின் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. காக்காவின் இரண்டாம் பாதியை மட்டும் மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டு போனார்.

"வடிவாப் பாத்துத்தானே மகள் எழுதின நீங்க?"

"ஓம் மாமா."

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். எனக்கு ஓர் ஐஸ்பழம் வாங்கித் தந்தார். அது உருகி முழங்கைவரைக்கும் வழிந்தது.

போட்டி கல்முனையில் நடந்தது. மாமாவின் மோட்டார் சைக்கிளில் நானும் போனேன். முதல் பாதி நன்றாகவே போயிற்று. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காக்கா விழுந்தார். பக்கத்தில் யாருமே இல்லை, யாரும் அவரைத் தட்டவும் இல்லை. நேரத்தைக் கடத்த நடிக்கிறான் என்று மறுபக்கத்தில் சிலர் சிரித்தார்கள். மாற்று வீரனாக வெளியே உட்கார்ந்திருந்த பாலமுனைப் பையன்தான் முதலில் ஓடினான். அவன் காக்காவின் தலையைத் தூக்கியபோது அவருடைய உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்றவரின் உதடு மாதிரி இருந்தது.

நான்தான் கொன்றுவிட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் எனக்குத் தெரிந்த குர்ஆன் சூராக்களை ஓதினேன். பாதியில் மறந்தது. மறந்ததற்கும் சேர்த்துப் பயந்தேன்.

உம்மா கையில் இடியப்ப மாவோடு வந்து சேர்ந்தார். வாப்பா அப்போது கத்தாரில் இருந்தார். டொக்டர் வெளியே வந்து, இதயத்தின் வால்வு ஒன்று பழுதாகியிருக்கிறது, இது நேற்று இன்று வந்ததல்ல என்றார். பிள்ளைக்கு மூச்சிளைப்பு வரவில்லையா, விளையாடும்போது களைக்கவில்லையா, யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார். உம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

மாமாவின் கையில் என் கொப்பி இருந்தது. அவர் யன்னல் வெளிச்சத்தில் அதை விரித்துப் பிடித்திருந்தார். அழுத்தி அழித்துத் தாள் மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் கொப்பியைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான்தான் ராத்தா கவனிக்கல்ல. என்ட பிழை" என்று அக்காவிடம் சொன்னார்.

"உன்ட கையிலதானே தம்பி புள்ளையத் தந்தன்" என்றார் உம்மா. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அவரோடு முகங்கொடுத்துக் கதைக்கவே இல்லை.

காக்காவைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்தார்கள். அவர் பிழைத்தார். இப்போது புடைவைக் கடை வைத்திருக்கிறார், தினமும் குளிசை விழுங்குகிறார், தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்து ஆடுபவர்களைத் திட்டுகிறார். கொப்பியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. பாலமுனைப் பையன் அடுத்த போட்டியில் நடுவில் ஆடினான். வழக்கம்போலப் பாதிப் பந்துகளைத் தொலைத்தான், இரண்டு கோலுக்கு வழியும் செய்தான்.

மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. பெருநாளைக்கு மட்டும் வருவார். கேற்றடியில் நின்று சலாம் சொல்லி, "மகள் எங்க?" என்று என்னைத் தேடிக் கேட்பார். அந்தக் குரல் கேட்டதும் நான் அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவேன். தனியாகப் பிடித்து விசாரிக்கத்தான் தேடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தி திரும்பும்வரைக்கும் வெளியே வரமாட்டேன். இப்படி எத்தனையோ பெருநாட்கள். வளர்ந்த பிறகு ஒளிய வெட்கமாக இருந்தது, ஆகவே குளிக்கப் போய்விடுவேன்.

சென்ற வருடம் மாமா மவுத்தானார். கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த மாமியைப் பார்க்கப் போயிருந்தேன். பல கதைகளுக்கு நடுவே மாமி அந்தப் போட்டியைப் பற்றியும் சொன்னார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காக்காவுக்கு மூச்சு இளைப்பது மாமாவின் கண்ணில் பட்டிருக்கிறது. உம்மா சளி என்று சொல்லிவிட்டார், காக்கா ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தார். கையில் ஏதாவது கணக்கு இருந்தால்தான் ராத்தா நம்புவார் என்றுதான் மாமா பாஸ்களை எண்ண வைத்தாராம். ஊர் வாய்க்குச் சொன்ன காரணம் வேறு.

"ஒங்கட கொப்பியப் பாத்துட்டு வந்து அன்டைக்கு ரெண்டு ரக்அத் தொழுதாரு. இரண்டாம் பாதியும் சரியா இரிக்கி, நான்தான் வீணாப் பயந்திட்டன் என்டாரு."

நான் எழுதியது பொய் என்பது மாமிக்குத் தெரியாது. மாமா அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"பெருநாளைக்குப் பெருநாள் ஒங்களத் தேடி வந்தாரே, ஏன் மகள் வெளிய வரல்ல? அந்தப் புள்ள பயந்து போய் இரிக்கி, அதுக்கிட்ட ஒன்டுமில்ல, பயப்பட வேணாம் என்டு செல்லணும் என்டு செல்லிச் செல்லித்தான் போவாரு."

அன்றே வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா தன் தம்பியின் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார், யாரோ வாசலில் நிற்பதுபோல.

தேடி வருகிறவர் ஆறுதல் சொல்லவும் வரலாம் என்பது, அலுமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை.