ஆறு தகரக் கைப்பிடிகள்

லண்டன் வியாபாரி ஒருவன் முன்னால் இனாக் ஹாட்லி சிரித்த சிரிப்பைக் கிளெம் பார்டோ பதினெட்டு வருஷமாக மன்னிக்கவில்லை.

வியாபாரி செய்தது இவ்வளவுதான். பட்டறையில் சவப்பெட்டிக் கைப்பிடி ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டு, "பிரம்மஜம்" என்றான். பர்மிங்காம் என்ற பெயரைப் பழைய ஜனங்கள் வாய்க்கு வந்தபடி சொன்னது அப்படி. எந்தக் காலத்திலோ இந்த ஊரில் எவனோ கள்ளக்காசு அடித்தானாம். அதிலிருந்து மினுக்குகிற போலி எதுவானாலும் இங்கிலாந்துக்காரனுக்குப் பிரம்மஜம். வைரமென்று கண்ணாடி பதித்த மோதிரம் பிரம்மஜம். தேர்தலுக்குத் தேர்தல் வந்து கை குலுக்குகிறவன் பிரம்மஜம். சாவு வீட்டில் கைக்குட்டை நனையாமல் அழுகிறவளும் பிரம்மஜம்தான். பத்து லட்சம் பேர் உழைத்துச் சாப்பிடுகிற ஊரின் பெயரை வசவாக்கி வைத்திருந்தார்கள்.

அந்தக் கைப்பிடிக்கு அச்சில் தகரத்தை அடித்தவன் இனாக். பித்தளை முலாம் ஏற்றியவன் கிளெம். ஊர்க்காரன் என்ற முறையில் இனாக் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க வேண்டாமா? சிரித்தான். "சரியாத்தான் சொல்றீங்க. இங்கிலாந்துலயே நயமான பிரம்மஜம் இது. ரெண்டு பெட்டி கைப்பிடி எடுத்துக்குங்க" என்றான். வியாபாரி நான்கு பெட்டி எடுத்துக்கொண்டான். அது கிளெமுக்கு இன்னும் எரிச்சல்.

உலக யுத்தம் முடிந்த எட்டாம் வருஷத்துப் பனிக்காலத்தில் இனாக்கின் நெஞ்சு படுத்துவிட்டது. பட்டறைப் புகையை விழுங்கிய நெஞ்சு. வைத்தியர் வருவதை நிறுத்திக்கொண்டார். கிளெம் அன்றே மச்சானின் வார்ப்புச்சாலைக்குப் போனான். மூன்று வாரம், வேலை முடிந்து வந்து, ஆறு கைப்பிடிகளைக் கெட்டிப் பித்தளையில் வார்த்து அரம் போட்டான். இது பிரியமா, பழைய கோபமா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவற்றை மாவுச் சாக்கில் தூக்கிக்கொண்டு போனான். இனாக்கின் மனைவி எடித் கதவைத் திறந்தாள். "மாடியிலதான் இருக்காரு, போ கண்ணு. காலத் தொடச்சிட்டுப் போ."

இனாக் ஒரு கைப்பிடியை வாங்கி எடை பார்த்தான். "என்ன தம்பி இது, நங்கூரமா?"

"உனக்குத்தான். அசல் பித்தளை. இனி எவனும் உன்னப் பிரம்மஜம்னு சொல்ல முடியாது."

"எவன் சொல்லப் போறான்? மண்ணுக்குள்ள எறங்கி வந்து சுண்டிப் பாப்பானா?"

"எனக்குத் தெரியும்ல."

இனாக் இருமி முடிக்கும்வரை கிளெம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முப்பத்தொம்பது வருஷமா இந்த ஊர்ல செத்தவன்ல பாதிப்பேருக்கு நான் அடிச்ச தகரம்தான். உங்கப்பனுக்கும் அதான். எனக்கு மட்டும் அசல்னா, அவங்களையெல்லாம் ஏமாத்துனேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா?"

"ஏமாத்துனதுதான?"

"எந்தப் பயடா கைப்பிடியப் பிடிச்சுத் தூக்குனான்? தோள்லதான தூக்குறான். கைப்பிடி பாக்குறதுக்கு. நீ உங்கப்பனத் தூக்குனப்ப அதைத் தொட்டியா?"

தொடவில்லை. தோள்பட்டை நான்கு நாள் வலித்தது. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் அது வெயிலில் மின்னியதும், வாழ்நாளெல்லாம் கரி சுமந்த அப்பன் துரை மாதிரிப் போகிறார் என்று நெஞ்சு நிறைந்ததும் கிளெமுக்கு ஞாபகம் இருந்தன.

"பாக்குறதுக்குத்தான்னு அந்த லண்டன்காரன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நாலு பெட்டி எடுத்திருப்பானா?"

கிளெம் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் திரும்பப் போட்டான்.

"அதுல ரெண்ட உன் வீட்டுப் பின்கதவுல மாட்டிக்க," என்றான் இனாக். "எனக்கு நம்ம தகரமே போதும். முலாம் தொட்டியில மட்டும் வழக்கத்தவிட நாலு நிமிஷம் கூட வச்சு எடு, அற்பமாத் தெரியக் கூடாது. முன்பக்கம் எடது தோளு நீ குடு. வெவரம் தெரியாத பய எவனாவது கைப்பிடியில கை வச்சான்னா, ஒதைச்சுத் தள்ளு."