இறங்குவதற்கு ஒரு விதி

“...ஏத்தறதுக்கு ரூலு எழுதின, எறக்கறதுக்கு ரூலு எழுதின, நானா எறங்கறதுக்கு ஒண்ணு எழுதினியாப்பா?” என்றான் ஆரணிக்காரன், சுவரில் நான் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தபடி. அவனுடைய தகரப் பெட்டி வாசலில் கட்டித் தயாராக இருந்தது.

1991 ஆடி மாதம் அது. அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று சொல்ல, அந்த வருடத் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் நாலு பேர் இருந்தோம். ஒரே பட்டறையில் வேலை. ஆரணிக்காரன் வெல்டர். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் பிரஸ் மிஷினில். நான் லேத்தில். எங்களுக்குள் ஒருவரை மெஸ் தலைவர் என்று வைத்திருந்தோம். யார் சமைப்பது, யார் தண்ணீர் அடிப்பது என்று சொல்வதும், சாவியை வைத்திருப்பதும், வீட்டுக்கார அம்மாவிடம் பேச்சு வாங்குவதும் அவர் வேலை.

கையைத் தூக்கி ஏற்றுவோம். கையைத் தூக்கியே இறக்கிவிடுவோம். ரசத்தில் உப்பில்லை என்று ஒருவர் போனார். “நீ என்ன பெரிய மேஸ்திரியா?” என்று ஒருவர் போனார். இறக்கிய பிறகு ஏறத்தான் ஆள் இருக்காது. இரண்டு மூன்று நாள் அடுப்பே பற்றவைக்காமல் பன்னும் டீயுமாக ஓட்டுவோம்.

வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று சிரிப்பார். “டெல்லியே தேவலாம்டா! அங்க ஆட்சி கவுந்தாலும் அடுத்தவன் வர்ற வரைக்கும் பழைய ஆளு வூட்டப் பாத்துக்கறான். உங்க வூட்ல பூனைகூடப் பாத்துக்க மாட்டேங்குது.”

யார் எதை அழகாகச் சொன்னாலும் மனதில் முடிந்துவைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு. அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஜனவரியில் இங்கே ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். மார்ச்சில் டெல்லியில், ஆதரவு கொடுத்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்ள, பிரதமர் ராஜினாமா செய்துவிட்டார். அதற்கு முன்னால் இருந்தவரும் பாதியில் போனவர்தான். கவிழ்க்க இத்தனை கை, நிறுத்த ஒரு கை இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மற்றதெல்லாம் கிளை நூலகம் கொடுத்தது. அங்கே ஒரு புத்தகத்தில், ஜெர்மனியில் ஆட்சித் தலைவரை இறக்க வேண்டுமானால் அடுத்தவர் யார் என்று அதே ஓட்டில் சொல்லியாக வேண்டும் என்று படித்தேன். அன்று சாயங்காலமே ஒரு தாளில் மூன்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்று, தலைவரைக் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு, அவரை இறக்கச் சொல்பவர் அடுத்தவர் யார் என்று அப்போதே சொல்ல வேண்டும். மூன்று, அந்த அடுத்தவர் சம்மதிக்க வேண்டும்.

கூடவே மக்களவைச் சபாநாயகருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அரசியல் சட்டத்தைத் திருத்தி இதே விதிகளைப் பிரதமருக்கும் வைக்க வேண்டும், கீழே கையெழுத்திட்டவர்கள் நால்வர் என்று. நெல்லைக்காரர்கள் இரண்டு பேரும் படிக்காமலே போட்டார்கள். ஆரணிக்காரன் மட்டும் பேனாவை வாங்கவில்லை.

“இரு லைப்ரரி. மொதல்ல நம்ம வூட்ல ஓட்டிப் பாப்போம். ஓடுச்சுன்னா போடறேன்.”

என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஓட்டிப் பார்க்க அவனையே தலைவராக்கினோம்.

ஓடியது. ஒருநாள் சோறு குழைந்துபோய், நெல்லைக்காரர்களில் ஒருவன் தட்டைத் தள்ளினான். “ஏ, இது சோறா பசையா? இவர எறக்கணும்டே!”

“அடுத்து யாரு? நீ வாரியாடே?” என்றான் அவன் ஊர்க்காரனே.

“எனக்கு எதுக்குல இந்தப் பாடு?” என்று தட்டை மறுபடி இழுத்துக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிலையான ஆட்சி!

மே மாதம் எங்கள் ஊர்ப் பெயரை உலகமே கேட்டது. தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து நேர்ந்த அந்தச் சாவைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டில் நடந்தது மட்டும். வெளியூர் ஆட்கள் தங்கிய வீடுகளிலெல்லாம் போலீஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள். நெல்லைக்காரர்களுக்கு ஊரிலிருந்து ‘உடனே வா’ என்று கடிதம் வந்தது. ஒரே பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஆணியில் தொங்கிய அவர்கள் துண்டு ஒன்றை யாரும் எடுக்கவில்லை.

ஜூன் கடைசியில் ஆரணிக்காரனுக்கும் கடிதம் வந்தது. சொந்த ஊரிலேயே வெல்டிங் வேலை. “பொண்ணு நடக்க ஆரம்பிச்சிடுச்சாம்பா,” என்றான். “நீ தலைவரா ஆயிடு, நான் கெளம்பறேன். ஒத்துக்கினு பாதியில ஓடிட்டான்னு பேரு வேணாம்.”

விதிப்படி அடுத்தவர் சம்மதிக்க வேண்டும். மிச்சம் இருந்த அடுத்தவர் நான் ஒருவன்தான்.

“சட்டம் எழுதினவன் பதவிக்கு வரக் கூடாது,” என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டான். ஓவர்டைம் வேலை இருக்கிறது, நேரமில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் ஏதோ சொன்னேன்.

எனக்கு ஊரிலிருந்து கடிதம் போட யாருமில்லை. வேலை முடிந்து கருகிய சட்டையோடு அவன் உள்ளே வந்து, “இன்னா லைப்ரரி, இன்னிக்கி இன்னா சட்டம்?” என்று கேட்பதுதான் என் நாளில் ஒருவர் என்னிடம் பேசும் பேச்சு. நான் சம்மதிக்காத வரை அவன் போக முடியாது. நாடு ஆளில்லாமல் நிற்கக் கூடாது என்று எழுதிய விதியைக் கொண்டு, நான் ஆளில்லாமல் நிற்காதபடி பார்த்துக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த ஞாயிறு காலையில்தான் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“நீ ஏன் ஒத்துக்கலன்னு எனக்குத் தெரியும்பா,” என்றான் மெதுவாக. “தெரிஞ்சிக்கினுதான் இத்தினி வாரம் இருந்தேன். டெல்லியில ஒக்காந்துக்கினு இருக்கறவனுக்கும் புள்ளைங்க இருக்கும்ல? அவனுக்கும் எறங்கி வூட்டுக்குப் போவணும்னு இருக்காதா?”

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தான். சுவர்த் தாளில் மூன்றாவது விதிக்குக் கீழே, கோணல் எழுத்தில், ‘4. முடியாதவர் சொல்லிவிட்டு இறங்கலாம்’ என்று எழுதினான். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நானும் தூக்கினேன்.

“ரெண்டுக்கு ரெண்டு. பாஸு.”

சபாநாயகருக்கு எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கி, அதிலும் அந்த வரியைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். சாவியை ஆணியில் மாட்டினான். குடத்தை எடுத்துக்கொண்டு கைப்பம்புக்குப் போனான். தினமும் குடம் தளும்பக் கொண்டுவருகிறவன், அன்று ஒருவனுக்குப் போதுமான அரைக் குடம் அடித்துக் கொண்டுவந்து அடுப்பின் பக்கத்தில் வைத்து, தட்டால் மூடிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.