இரண்டு கோடு சிக்னல்

மலேசியாவின் உலு திராம் ஊர்ச் செல்வராணிக்கு ஏணியும் ஒன்று, தரையும் ஒன்று. பன்னிரண்டு வருடம் தூண் தூணாக ஏறித் தொலைபேசிக் கம்பி இழுத்தவள். “ஜொகூர்ல பாதி வீட்டுக்கு லைன் கொடுத்தது இந்தக் கைதான்” என்று பீற்றிக்கொள்வாள். அதில் பாதிதான் உண்மை. சனங்கள் கைப்பேசிக்கு மாறி அந்த லைன்களை எல்லாம் வெட்டிவிட்டபோது அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. லைனே இல்லாத வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது வயது நாற்பத்து நான்கு. சொந்த வேன், சொந்தத் தொழில், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

கடலோரப் பெர்மாஸ் ஜெயாவில் சுகந்தினியின் வீட்டுக்குப் போனதும் அந்த வேலைக்காகத்தான். சுகந்தினி சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதி. கணவர் பிரேமகுமாருக்குக் கப்பலில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டில் திருடன் புகுந்திருந்தான். பள்ளிவிட்டு வந்த மகள் லோஷினிதான் உடைந்த கதவை முதலில் பார்த்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தனியாக. அன்று முதல் சுகந்தினிக்கு வேலையில் மனம் ஒட்டவே இல்லை.

“போன் லைன் இல்லாம அலாரம் எப்படிக்கா தகவல் சொல்லும்? எங்க வரிசையில கேபிளயே திருடிட்டுப் போயிட்டானுங்க.”

“கேபிளயே திருடுறவன் இருக்கிற ஊர்ல கேபிள நம்பி வீட்ட விடலாமா? இந்தப் பெட்டிக்குள்ள சிம் கார்டு இருக்கு. கதவத் தொட்டா கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி போயிரும். ஒரு நிமிஷத்துல உங்களக் கூப்பிடுவாங்க. கரண்டு போனாலும் பேட்டரி பார்த்துக்கும்.”

“நான் வார்டுல இருக்கிறப்ப அந்தப் போன் வரணும் கா. நாளைக்கு மூனு மணிக்கு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. வரலன்னா அஞ்சு மணிக்கு லெட்டரக் கொடுத்துட்டு வேலைய விட்டுடுறேன்.” சுகந்தினி கைப்பையைத் தட்டிக் காட்டினாள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. மாடி முன்ஜன்னல் ஓரத்தில் சிக்னல் ஐந்து கோடும் நிறைந்து நின்றது. செல்வராணி பெட்டியை அங்கேயே மாட்டினாள். மூன்று மணிக்கு லோஷினி சிவப்புப் பொத்தானை அமுக்க, சைரன் தெருவையே எழுப்பியது. கண்காணிப்பு மையத்தில் இருந்த குணாளனுக்குச் செல்வராணி போன் போட்டாள்.

“எங்களுக்கு ஒன்னுமே வரல கா.”

மறுபடி அமுக்கினார்கள். அப்போதும் வரவில்லை. மூன்று பத்துக்குச் சுகந்தினியே கூப்பிட்டாள். “போன் வரலயே கா. பரவால்ல, விடுங்க.” அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“அலமாக்! அஞ்சு மணின்னுதான சொன்னீங்க? அதுவரைக்கும் அந்த லெட்டரத் தொடாதீங்க.”

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிம் கார்டு சரி, பேட்டரி சரி, கோடு ஐந்தும் சரி. பிறகு என்ன கேடு? மாடிப்படியில் நின்று லோஷினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் செல்வராணியின் சட்டைப்பையில் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்: ‘சிங்கப்பூருக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி.

படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு நேர் எதிரே நீரிணை, அதற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். பெட்டி அங்கே உள்ள கைப்பேசிக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது! வெளிநாட்டுக் கோபுரம் வழியாகச் செய்தி அனுப்ப அந்தச் சிம்முக்கு அனுமதி கிடையாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று மனிதர்கள் அலைவது போதாதென்று பெட்டியுமா? இந்தக் கரையோரத்தில் கைப்பேசி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கூத்துதான் இது. “அஞ்சு கோட்டப் பார்த்ததும் பல்ல இளிச்சேன் பாரு, எனக்கு வேணும்” என்று தன்னையே திட்டிக்கொண்டு பெட்டியைக் கழற்றினாள்.

கீழே, பின்பக்கச் சாமான் அறையில் மாட்டினாள். நம் நாட்டுக் கோபுரத்தைத் தவிர வேறெதையும் தொடாதே என்று அமைப்பில் பூட்டும் போட்டாள்.

“ரெண்டு கோடுதான் காட்டுது, ஆன்ட்டி.”

“ரெண்டுன்னாலும் நம்மளோடது லா. அமுக்கு!”

சைரன் அலறி அடங்கியது. “வந்துருச்சு கா! இப்பவே அவங்களக் கூப்பிடுறேன்” என்றான் குணாளன். கொஞ்ச நேரத்தில் லோஷினியின் கைப்பேசி அடித்தது; அம்மாதான்.

“கூப்பிட்டாங்க மா! மையத்துலேர்ந்து என்னக் கூப்பிட்டாங்க!” அந்தப் பக்கம் சுகந்தினி அழுதாள், இந்தப் பக்கம் மகள் அழுதாள். செல்வராணிக்கும் கண் கலங்கிவிட்டது. கைப்பேசி அவள் கைக்கு வந்தபோது மணி நாலு பத்து.

“லெட்டரக் கிழிச்சுட்டேன் கா. நாளைக்குக் காலைல வேலைக்குப் போறேன்.”

செல்வராணி ஏணியை மடக்கினாள். லோஷினி இன்னும் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆன்ட்டி, இத அமுக்கினா எப்பவுமே அம்மாவுக்குத் தெரிஞ்சுருமா?”

“தெரிஞ்சுரும். மாசாமாசம் முதல் தேதி டெஸ்ட் பண்ணணும். அது உன் வேலை.”

“இன்னும் ஒரே ஒரு தடவ அமுக்கட்டுமா?”

செல்வராணி ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குணாளனுக்கு மறுபடியும் போன் போட்டாள்.