மாஸ்டர் அடுப்பில் புகையே கிடையாது

பந்தா மாஸ்டர் கடை எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் கை காட்டுவார்கள். ரொட்டிக் கடைக்காரர். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். தன் பன்னைப் போல மெத்தென்ற பன் உலகத்திலேயே இல்லை என்பார். சரி, ஒப்புக்கொள்வோம். தன் அடுப்பில் புகையே வராது என்பார் பாருங்கள், அங்கேதான் நமக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய பலகை, பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம், ஈர விறகு என்று கையில் கிடைத்ததெல்லாம் அந்த அடுப்புக்குள் போகும். மாடியில் இருக்கும் தையற்கார அக்கா வெள்ளைத் துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில்தான் எடுப்பாள். சண்டைக்கு வந்தால், "என் கடைப் புகையா? உங்க துணி சாயம் போயிருக்கும், நல்லாப் பாருங்க" என்பார். வெள்ளைத் துணிக்கு ஏதய்யா சாயம்!

மாஸ்டர் முன்பக்கம் மாவு பிசைந்து வியாபாரம் பார்ப்பார். பின்னால் அடுப்பு வாயருகே நின்று தட்டுகளைத் தள்ளுவது அவர் மனைவி. கொஞ்ச காலமாக இருமல் அவளை விடுவதாயில்லை. புகையே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விறகடுப்பை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு வைக்கும் சின்னக் கடைகளுக்கு முக்கால்வாசி விலையை அதுவே கொடுக்குமாம். மனைவிதான் ஓடியாடி மனுப் போட்டாள்.

"இது வரலைன்னா நான் கடைக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன். நீங்களே பாத்துக்கங்க" என்றும் சொல்லிவிட்டாள். அவள் இல்லாவிட்டால் மாஸ்டருக்குக் கடையும் ஓடாது, பொழுதும் ஓடாது.

புகையை அளக்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. மாஸ்டரின் புத்தி போன போக்கைக் கேளுங்கள். அதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டார் மனிதர்! மனைவி மருந்து வாங்கப் போன நேரம் பார்த்துப் புகைபோக்கியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த விறகாகப் பார்த்து வாங்கி வந்து பற்றவைத்தார்.

அதிகாரி கருவியை நீட்டினார். முள் அசையவே இல்லை.

"பரவாயில்லையே, கடையை நல்லா வச்சிருக்கீங்க!"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம அடுப்புல எப்பவுமே புகை கிடையாது சார்."

"அப்ப உங்களுக்கு இந்த உதவி தேவையில்லை. இது புகை விடுற கடைங்களுக்குத்தான்" என்று அதிகாரி பையை மூடினார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றார் மாஸ்டர். அதற்குள் திரும்பி வந்திருந்த மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மருந்துப் பையோடு அப்படியே திரும்பி நடந்தாள்.

மாஸ்டர் தெருவுக்கு ஓடி மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "அக்கா! கீழ வாங்க! என் கடைப் புகையைப் பத்தி சார்கிட்ட நாலு வார்த்தை சொல்லுங்க!"

அக்காவுக்குக் கரும்பு தின்னக் கூலியா? சாவகாசமாக எட்டிப் பார்த்தாள். "எந்தப் புகை தம்பி? உங்க கடையிலதான் புகையே கிடையாதே!"

தெருவே சிரித்தது. மனைவி தெருமுனையை நெருங்கிவிட்டாள். இனி மானமாவது மண்ணாங்கட்டியாவது!

"புகையுது!" என்று கத்தினார் மாஸ்டர். "என் அடுப்பு புகையுது! இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் பொய்! என் பொண்டாட்டி அதுல நின்னுதான் இருமுறா சார்!"

அவள் நின்றாள். கிளம்பப் போன அதிகாரியும் நின்றார். "சரி, தினமும் எரிக்கிறதைப் போட்டு எரிச்சுக் காட்டுங்க" என்றார்.

மனைவி திரும்பி வந்தாள். ஆனால் படியேறவில்லை. "நீங்களே போய் நில்லுங்க."

மாஸ்டர் ஈரப் பலகையை அள்ளிப் போட்டு அடுப்பு வாயருகே நின்றார். முள் எகிறிக் குதித்தது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து, "போதும், போதும்! நான் எழுதிடறேன், உதவி கிடைச்சிடும்" என்றார். பின்னாலேயே கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, மூச்சு வாங்கியபடி மாஸ்டர் வந்து படியில் விழுந்தார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குள்ளயா நீ இத்தனை வருஷம் நின்னே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இருமிக்கிட்டுதானே இருந்தேன்" என்றாள் அவள்.